வந்த அன்றே தீர்ந்துபோன பிராசசர்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

இந்த 2024 டிசம்பர் இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பிராசசரை, அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப்பைப் பற்றித்தான் கேட்கின்றன. ஏஎம்டி நிறுவனம் 2024 நவம்பர் 7-ம் தேதி விற்பனைக்கு விட்ட ரைசன் 7 9800எக்ஸ்3டி. வெளிநாடுகளிலேயே வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. இங்கே சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஏறி இறங்கியவர்களுக்கும் "அடுத்த லோடுல பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கிறது. வண்ணாரப்பேட்டையில் என் சர்வீஸ் கடைக்கு நேரில் வந்து கேட்டவர்களின் கேள்விகளையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, நான் வியாசர்பாடி. பி.காம். இரண்டாம் வருடம். சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போய்க் காசு சேர்த்திருக்கிறேன். 9800எக்ஸ்3டி எங்கேயும் இல்லை. ஒரே ஒரு கடையில் மட்டும் 60,000 ரூபாய் சொல்கிறார்கள். விட்டால் போய்விடும் என்கிறார்கள். வாங்கிவிடட்டுமா? இப்போது இருப்பது ரைசன் 5 2600, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. வேலரண்ட்டும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும்தான் விளையாடுவேன்.

வேண்டாம் தம்பி. முதலில் விலைக் கணக்கைப் பார். ஏஎம்டி அறிவித்த விலை 479 டாலர். டாலருக்கு 84 ரூபாய் என்று போட்டால் 40,236 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 47,500-க்குப் பக்கத்தில் வரும். உன்னிடம் கேட்பது அதற்கும் மேலே 12,500 ரூபாய். எத்தனை பந்தியில் இலை போட்டுச் சேர்த்த காசு அது? பொறுக்க முடியாதவனிடம் வசூலிக்கிற காசைத்தான் உன்னிடம் கேட்கிறார்கள்.

சரி, 60,000 கொடுத்து வாங்கிவிட்டாய் என்றே வைத்துக்கொள். உன் பி450 போர்டில் அது உட்காராது. பிராசசரை மாட்டுகிற சாக்கெட் உன்னுடையதில் ஏஎம்4, இதற்கு வேண்டியது ஏஎம்5. புது போர்டு வாங்க வேண்டும். உன்னிடம் இருக்கிற டிடிஆர்4 ராமை அதில் போட முடியாது, டிடிஆர்5 வாங்க வேண்டும். பெட்டியில் கூலர் வராது, அதுவும் தனி. எல்லாம் போட்டு முடித்த பிறகும் படம் வரைவது அதே 1660 சூப்பர் கார்டுதான்.

உனக்கு நான் சொல்வது வேறு. 2024 ஜனவரி கடைசியில் ஏஎம்டி, ரைசன் 7 5700எக்ஸ்3டி என்று ஒன்றை விட்டது. அறிவித்த விலை 249 டாலர். அதே கணக்கில் போட்டால் 25,000-க்குள் அடங்கும். 8 கோர் (கணக்குப் போடுகிற பகுதிகள்), 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கிற வேக நினைவகம்). நீ ஆசைப்படுகிற பிராசசரிலும் கேஷ் அதே 96 எம்பிதான். கோர் பழைய தலைமுறை, கடிகார வேகமும் குறைவு என்பது உண்மை. ஆனால் உன் பி450 போர்டிலேயே உட்காரும். போர்டைத் தொடக்கி வைக்கிற மென்பொருளான பயாஸை மட்டும் அப்டேட் செய்துவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் போதும். ராம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தருகிற பெட்டி), கேபினெட் எதையும் தொட வேண்டாம். 2600-க்கு வந்த சின்னக் கூலரை மட்டும் மாற்று. கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி பிராசசரை நம்பி ஓடுகிற விளையாட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதற்கும் காசு அதிகம் என்றால் ரைசன் 5 5600 போடு, இன்னும் மலிவு. மிச்சக் காசு கையில் இருக்கட்டும். பின்னால் நல்ல கார்டு வாங்க உதவும்.

நான் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் இந்தப் பிராசசருக்காக ஒரு மாதமாக அலைகிறான். நாங்கள் பார்க்காத பதுக்கலா? மண்ணெண்ணெய் முதல் சிமென்ட் வரை பதுக்கிப் பார்த்த தலைமுறை நாங்கள். இதுவும் விலையை ஏற்றுவதற்காகக் கம்பெனிக்காரன் பதுக்குவதுதானே? இவ்வளவு கிராக்கி இருந்தால் மூன்று ஷிப்ட் ஓட்டிச் செய்து தள்ள வேண்டியதுதானே?

ஐயா, நீங்கள் தொழிற்சாலையில் இருந்தவர். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தச் சிப்பை ஏஎம்டி வடிவமைக்கிறது, செய்வதில்லை. செய்து கொடுப்பது தைவானில் இருக்கிற டிஎஸ்எம்சி. அங்கே ராத்திரி பகல் என்ற பேச்சே கிடையாது, வருஷம் முழுக்க 24 மணி நேரமும் ஓடுகிற ஆலை. கூட்டுவதற்கு ஷிப்ட் மிச்சம் இல்லை. கூட்ட வேண்டுமென்றால் புதுக் கட்டடம், தூசி இல்லாத அறை, புது மெஷின் எல்லாம் வேண்டும். இந்த அளவு நுணுக்கமான சிப்புக்கு ஒளியால் கோடு போடுகிற இயூவி மெஷினை உலகத்தில் ஒரே ஒரு கம்பெனிதான் செய்கிறது, நெதர்லாந்தில் இருக்கிற ஏஎஸ்எம்எல். ஆர்டர் போட்டு, வந்து, நிறுத்தி, ஓட்ட வருஷக் கணக்காகும்.

இருக்கிற மெஷினிலும் அவசரப்படுத்த முடியாது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் தட்டு ஒன்று உள்ளே போனால், படலம் படிய வைப்பது, ஒளி காட்டுவது, அரிப்பது, கழுவுவது என்று நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டி வெளியே வர மாதங்கள் ஆகும். அப்புறம் அறுக்க வேண்டும், சோதிக்க வேண்டும், தேறாததைக் கழிக்க வேண்டும், தேறியதைத் தரம் பிரித்துப் பொதிய வேண்டும். இன்றைக்குக் கடையில் இருக்கிற பிராசசருக்கான முடிவு, விற்பனைக்கு வருவதற்குப் பல மாதம் முன்னாலேயே எடுத்தது. இன்று கூட்டம் வந்துவிட்டதே என்று இன்று கூடுதலாக ஆர்டர் போட்டாலும் சரக்கு வருவது அடுத்த வருஷம்தான்.

இந்தக் குறிப்பிட்ட பிராசசருக்கு இன்னொரு வேலையும் கூட இருக்கிறது. 64 எம்பி கேஷ் நினைவகத்தைத் தனிச் சில்லாகச் செய்து, கோர் இருக்கிற சில்லோடு செம்பு இணைப்புகள் நேருக்கு நேர் சேரும்படி ஒட்டுகிறார்கள். 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி, 2023-ல் வந்த 7800எக்ஸ்3டி இரண்டிலும் அந்தக் கேஷ் சில்லு கோருக்கு மேலே இருந்தது. கோரின் சூடு அதைத் தாண்டித்தான் கூலருக்குப் போக வேண்டும். அதனால் வேகத்தை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. இந்தத் தடவை கேஷைக் கீழே தள்ளி, கோரை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். சூடு நேராகக் கூலருக்குப் போகிறது. 7800எக்ஸ்3டி 5.0 கிகாஹெர்ட்ஸில் நின்றது, இது 5.2 வரை போகிறது. அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒட்டுகிற வேலையும் அதற்கான நேரமும் சாதாரணப் பிராசசருக்குக் கிடையாது.

கிராக்கி ஏன் இப்படி ஏறியது என்று பார்த்தால், எதிராளி வழுக்கியதும் ஒரு காரணம். அக்டோபர் 24-ம் தேதி இன்டெல் தன் கோர் அல்ட்ரா 200 வரிசையை விட்டது. விளையாட்டில் பல இடங்களில் அது தன் சொந்தப் பழைய 14-ம் தலைமுறையையே தாண்டவில்லை. அதற்கு முன்னால் 13, 14-ம் தலைமுறைப் பிராசசர்கள் நிலையாக ஓடாமல் கிராஷ் ஆகிற பிரச்சினை வெடித்து, 2024 ஆகஸ்டில் இன்டெல் வாரண்டியை 2 வருஷம் நீட்டியது. விளையாட்டுக்காக கம்ப்யூட்டர் கட்டுகிற அத்தனை பேரும் ஒரே வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். போட்டிக்காரனின் சரக்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் போட்ட ஆர்டர், இந்தக் கூட்டத்துக்கு எப்படிப் போதும்?

இன்னொரு பங்காளியும் இருக்கிறார். சர்வருக்குப் போகிற எபிக் பிராசசர். அக்டோபரில் வந்த புது எபிக்கில் 128 கோர் உள்ளதற்கு இதே வகை 8 கோர் சில்லு 16 வேண்டும். அது ஒன்றின் விலை 10,000 டாலருக்கு மேல். டேட்டா சென்டர்காரர்கள் மொத்தமாக வாங்குகிறார்கள். கம்பெனி எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது. 2020 நவம்பர் 5-ல் ரைசன் 5000 வந்தபோது, அதே டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் (சிப்பின் நுணுக்கத்தைச் சொல்கிற அளவு, எண் குறையக் குறைய நுணுக்கம் கூடும்) வரிசையிலிருந்துதான் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் ஏஎம்டி சிப் போனது. மூன்றும் ஒரே மாதத்தில் கடைக்கு வந்தன. அடுத்த வருஷம் நடுப்பகுதி வரை அந்த ரைசன் வரிசையின் 5900எக்ஸ் சுலபமாகக் கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால் 2018-ல் இன்டெல்லின் 14 நானோமீட்டர் பற்றாக்குறை. 10 நானோமீட்டர் தள்ளித் தள்ளிப் போனதால் எல்லாச் சரக்கையும் பழைய வரிசையிலேயே செய்ய வேண்டிய நிலை. அந்தச் செப்டம்பரில் இன்டெல்லின் இடைக்காலத் தலைவர் பாப் ஸ்வான், விலை கூடிய ஜியான், கோர் வகைப் பிராசசர்களுக்குத்தான் முன்னுரிமை என்று வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். அப்படியென்றால் மலிவான பென்டியத்துக்குக் கடைசி இடம். நம் பக்கத்து மளிகை மண்டி, டிடிபி கடை, ஜெராக்ஸ் கடை எல்லாம் ஓடுவது அந்தப் பிராசசரில்தான். என்னைக் கேட்டால் வடசென்னையை உண்மையில் இடித்தது அந்தப் பற்றாக்குறைதான். இப்போது கிடைக்காமல் போவது விளையாட்டு வேகம். அப்போது கிடைக்காமல் போனது பிழைப்புக்கான மெஷின்.

நீங்கள் சொல்கிற பதுக்கல் இருக்கவே இருக்கிறது ஐயா, ஆனால் கடைசிக் கட்டத்தில். வந்த நாலு பீஸில் இரண்டைக் கல்லாவுக்குக் கீழே வைத்துவிட்டு, யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற பழக்கம். சினிமா டிக்கெட்டை பிளாக்கில் விற்பதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் விற்றால் குற்றம். ஆனால் பிராசசர் பெட்டியில் ஒட்டுகிற எம்ஆர்பி பெரும்பாலும் நடைமுறை விலையைவிட ரொம்ப உயரத்தில் இருக்கும், அதனால் அந்தச் சட்டம் இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. பேரனிடம் பொங்கல் கழியட்டும் என்று சொல்லுங்கள். சரக்கு வரவர இந்த மேல்காசு தானாக இறங்கும். ரைசன் 5000-க்கும் அப்படித்தான் இறங்கியது.

திருவொற்றியூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். தை மாத முகூர்த்தத்துக்கு முன் புது சிஸ்டம் வேண்டும். 9800எக்ஸ்3டிக்கு ஒரு கடையில் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. காத்திருக்கலாமா? சோனி கேமராவில் நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 எடுக்கிறோம், டைம்லைன் இழுத்தால் திக்கித் திக்கி ஓடுகிறது.

அட்வான்ஸைத் திருப்பி வாங்குங்கள் அண்ணா. உங்கள் வேலைக்கு அது ஏற்ற பிராசசர் இல்லை. அதில் கூடுதலாக வைத்திருக்கிற கேஷ் விளையாட்டுக்கு உதவுகிற அளவு எடிட்டிங்குக்கு உதவாது. ரெண்டர் செய்ய, அதாவது முடித்த வீடியோவை ஃபைலாக எடுக்க, கோர் எண்ணிக்கை வேண்டும், அதில் 8-தான்.

டைம்லைன் திக்குவதற்குக் காரணம் வேறு. நீங்கள் எடுப்பது எச்.265 என்ற சுருக்கும் முறையில் 4:2:2 10 பிட் என்றால், அதைப் பிரித்துக் காட்டுகிற தனி வன்பொருள் வேண்டும். ரைசனுக்குள் இருக்கிற கிராபிக்ஸில் அது இல்லை. என்விடியாவின் 40 வரிசை கார்டு வரைக்கும் இல்லை. இன்டெல் பிராசசருக்குள் வருகிற குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதியில் இருக்கிறது. அதனால் கோர் ஐ7 14700கே மாதிரி ஒன்றைப் பாருங்கள், 20 கோர். 'கேஎஃப்' என்று முடிகிற மாடலை வாங்கிவிடாதீர்கள், அதில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. மேலே பெரியவருக்குச் சொன்னேனே, கிராஷ் பிரச்சினை, அதற்கான மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடுகிற மென்பொருள்) திருத்தத்தை இன்டெல் கொடுத்துவிட்டது. போர்டின் பயாஸை முதல் நாளே புதுசாக்கிவிட்டு அப்புறம் வேலையை ஆரம்பியுங்கள். பாக்ஸ் பீஸாக வாங்கினால் நீட்டிப்போடு சேர்த்து 5 வருஷ வாரண்டி. ராம் 32 ஜிபிக்குக் குறையாமல் போடுங்கள். காத்திருந்து முகூர்த்தத்தைத் தவறவிடாதீர்கள். இது கடையில் இன்றைக்கே கிடைக்கிற சரக்கு.

இனி எங்கே அட்வான்ஸ் கொடுத்தாலும் மாடல், ஒப்புக்கொண்ட விலை, எந்தத் தேதிக்குள், வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப என்று நாலு வரி எழுதி, கடை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். "வந்ததும் அன்னைக்கு ரேட்டு" என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால் அட்வான்ஸ் கொடுப்பதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி கணக்கு எழுதுகிறேன். டேலி திறக்கவே நேரம் பிடிக்கிறது. இந்தப் புது பிராசசர் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

காத்திருக்காதீர்கள். உள்ளே இருப்பது மெதுவான ஹார்ட் டிஸ்க்காகத்தான் இருக்கும். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு, ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். அதோடு முடிந்தது.

மகன் இன்ஜினியரிங் முதல் வருடம். கொளத்தூரில் இருக்கிறோம். ஒன்றரை லட்ச ரூபாய்க்கு லிஸ்ட் கொடுத்திருக்கிறான், அதில் முதல் வரியே இந்தப் பிராசசர்தான். இது இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் செய்ய முடியாது என்கிறான். செயினை வைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவன் அப்பாவுக்குத் தெரியாது.

அக்கா, செயினை வைக்காதீர்கள். உங்கள் மகனைக் குறை சொல்லவில்லை. அந்த வயதில் எல்லோரும் அந்தப் பிராசசரைப் பற்றியே பேசும்போது ஆசை வருவது இயல்புதான். ஆனால் முதல் வருஷம் செய்கிற பைத்தான், சி, ஆட்டோகேட், மேட்லேப் எதற்கும் அது தேவையே இல்லை.

அவனிடம் இப்படிக் கேளுங்கள்: "ரைசன் 5 7600 போட்டு, பி650 போர்டில் ஆரம்பித்தால் என்ன?" அவனுக்குப் புரியும். 7600 என்பது 6 கோர், அறிவித்த விலை 229 டாலர், அதாவது இவன் கேட்பதில் பாதிக்கும் குறைவு. கூலரும் பெட்டியிலேயே வரும். முக்கியமான விஷயம், அதுவும் ஏஎம்5 சாக்கெட்தான். ஏஎம்டி 2027 வரையாவது இந்தச் சாக்கெட்டில் புதுப் பிராசசர் விடுவதாகச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருஷம் உண்மையிலேயே வேகம் போதவில்லை என்றால், போர்டு, ராம் எதையும் மாற்றாமல் அன்றைக்கு இறங்கியிருக்கிற விலையில் இதே 9800எக்ஸ்3டியை மாட்டிக்கொள்ளலாம். ராம் 16 ஜிபி இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ். கார்டு இப்போதைக்கு வேண்டாம்; 7600-க்குள் இருக்கிற கிராபிக்ஸிலேயே திரை வரும், படிப்பு ஓடும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பிராசசருக்கு 50,000 கொடுத்துவிட்டு 900 ரூபாய் எஸ்எம்பிஎஸ் போட்ட கேபினெட்டுகள் எரிந்த வாசனையோடு என் மேசைக்கு வருகின்றன. அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள் அக்கா. நான் சொன்ன லிஸ்டுக்கு ஒளிக்க வேண்டிய தொகை ஆகாது.

மூலக்கடை. பிராசசர் இருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்கிற போர்டும் ராமும் சேர்த்து எடுத்தால்தான் தருவோம் என்கிறார்கள். என்னிடம் போர்டு ஏற்கெனவே இருக்கிறது.

ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்துவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம். அவர்கள் அப்படிச் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். வாய்வார்த்தையை நாளைக்கு இல்லை என்பார்கள்.

போர்டே இல்லாதவர்கள் என்றால் அப்படிச் சேர்த்து எடுப்பது சில சமயம் லாபமாகவும் இருக்கும். மூன்றின் விலையையும் தனித்தனியாக இன்னொரு கடையில் விசாரித்துக் கூட்டிப் பாருங்கள். பிராசசரைச் சரியான விலைக்குக் காட்டிவிட்டு, ஓடாமல் கிடக்கிற போர்டில் மேல்காசை ஏற்றியிருப்பார்கள்.

ராயபுரம். சித்தப்பா பையன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான், அங்கே வாங்கிவரச் சொல்லலாமா? இங்கே ஒருவர் ட்ரே பீஸ் தருகிறேன் என்கிறார், அது நல்லதா?

சிங்கப்பூர் பீஸ் வாங்கலாம், ஒரு விஷயத்தை ஏற்றுக்கொண்டால். இந்திய டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வராத பிராசசருக்கு இங்கே வாரண்டி கேட்டுப் போனால் சிக்கல். வாங்கிய ஊருக்கே அனுப்பும்படி ஆகும். பிராசசர் சுலபத்தில் கெடுகிற பொருள் இல்லை, அதனால் பலர் துணிந்து வாங்குகிறார்கள். தம்பி வரும்போது பில் கையில் இருக்கட்டும். 2024-ல் இருந்த விதிப்படி, ஊர் திரும்பும் பயணிக்கு 50,000 ரூபாய் வரை பொருளுக்குச் சுங்கவரி கிடையாது. அவன் கொண்டுவரும் மற்ற சாமான்களும் அதே கணக்கில்தான் சேரும்.

ட்ரே பீஸ் என்பது கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனிகளுக்குத் தட்டில் மொத்தமாகப் போகிற சரக்கு. பெட்டி இல்லை, 3 வருஷக் கம்பெனி வாரண்டியும் இல்லை, விற்பவர் சொல்கிற வாரண்டிதான். சரக்கு தட்டுப்பாடாக இருக்கிற இந்த நேரத்தில், விலையும் குறைக்காமல் ட்ரே பீஸை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எதை வாங்கினாலும் காசு கொடுப்பதற்கு முன் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஏஎம்5 பிராசசரின் அடிப்பக்கம் சமதளமாக, தங்க நிறப் புள்ளிகளாக இருக்கும். ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தால் அது பழைய ஏஎம்4. மேல் மூடியில் பொறித்திருக்கிற மாடலும் சீரியல் எண்ணும் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஜிஎஸ்டி பில்லில் அந்தச் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

நான் தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன் படிக்கிறேன். தைவானில் தட்டுப்பாடு என்றால் நமக்கும் தட்டுப்பாடு. நாமே ஏன் பிராசசர் செய்யக் கூடாது?

செய்திருக்கிறோம் கண்ணு, அதுவும் நம் சென்னையில். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி.காமகோடி தலைமையில் உருவான பிராசசருக்கு 'சக்தி' என்று பெயர். 2018-ல் முதலில் அமெரிக்காவில் இன்டெல்லின் ஆலையில் 22 நானோமீட்டரில் செய்து பார்த்தார்கள். அதே வருஷம் சண்டிகர் பக்கத்தில் மொஹாலியில் இருக்கிற அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் நம் நாட்டிலேயே செய்தார்கள். வடிவமைக்கிற மூளை நம்மிடம் இருக்கிறது, நமக்கு இல்லாதது ஆலை. மொஹாலி ஆலை 1984-லேயே உற்பத்தி தொடங்கியது. 1989-ல் தீ விபத்தில் பெரும்பகுதி எரிந்து, அந்த ஓட்டமே நின்றுபோனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது. இப்போது குஜராத்தின் தோலேராவில் டாடா, தைவானின் பவர்சிப் நிறுவனத்தோடு சேர்ந்து ஆலை கட்டுகிறது. 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே செய்யப்போவது 28 நானோமீட்டரும் அதற்கு மேலும். கார், மின்சாரக் கருவி மாதிரியானவற்றுக்கு அது நன்றாகவே போதும். 4 நானோமீட்டர் 9800எக்ஸ்3டிக்குப் போதாது.

பிளஸ் டூவில் இயற்பியலையும் கணக்கையும் விடாமல் பிடித்துக்கொள். எலெக்ட்ரானிக்ஸில் விஎல்எஸ்ஐ என்று ஒரு பிரிவு இருக்கிறது, சிப் வடிவமைப்பு படிப்பது அதில்தான். அடுத்த முறை அம்மாவோடு கடைக்கு வா. மூடி கழற்றிய பழைய பிராசசர் ஒன்று என்னிடம் இருக்கிறது, உள்ளே சில்லு எவ்வளவு சின்னது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

எர்ணாவூர். நவம்பரில் தள்ளுபடியில் பி650 போர்டு வாங்கிவிட்டேன். பிராசசர் இன்னும் கிடைக்கவில்லை. போர்டு பெட்டியோடு சும்மா கிடக்கிறது. ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம், இந்த வாரமே. பில் போட்ட நாளிலிருந்து போர்டின் வாரண்டி ஓடத் தொடங்கிவிட்டது. போர்டு வரும்போதே கெட்டிருந்தால் உடனே மாற்றித் தருவதற்குக் கடைக்காரர் வைத்திருக்கிற கெடு சில நாட்கள்தான். பிராசசர் வந்தபிறகு மாட்டிப் பார்த்து, போர்டு செத்திருக்கிறது என்று தெரிந்தால் சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். வாங்கிய கடைக்கே எடுத்துப் போய், அவர்களிடம் இருக்கிற ஏதாவது ஏஎம்5 பிராசசரைப் போட்டுத் திரை வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அப்போதே பயாஸையும் புதுசாக்கிவிடுங்கள். பி650 இந்தப் பிராசசருக்கு முன்னால் வந்த போர்டு. பழைய பயாஸோடு இருந்தால் 9800எக்ஸ்3டியை மாட்டினாலும் திரை வராது. போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால், பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் வைத்து நீங்களே செய்துகொள்ளலாம்.

சாக்கெட்டை மாத்திரம் சும்மா திறந்து பார்க்காதீர்கள். ஏஎம்5-ல் ஊசிகள் பிராசசரில் இல்லை, போர்டில்தான் இருக்கின்றன, மொத்தம் 1718. முடியைவிடக் கொஞ்சம் தடிமன், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் வரிசை முழுக்க ஒரே மாதிரி மினுக்கும். வளைந்த ஊசி மட்டும் இருட்டாகவோ தனியாகப் பளிச்சென்றோ தெரியும். போன வாரம் ஒரு தம்பி கொண்டுவந்த போர்டில் சட்டைக் கைமுனை பட்டு ஓரத்தில் மூன்று ஊசிகள் படுத்திருந்தன. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மெல்லிய ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தேன். இரண்டு சரியானது. மூன்றாவது ஒடிந்து கையோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் இருந்தது ராமின் ஒரு சேனல், இனி அவருக்கு ஒரு பக்க ஸ்லாட் வேலை செய்யாது.

கடலோரக் காற்று உங்கள் பக்கம் உப்பாக இருக்கும். சோதித்து முடித்ததும் போர்டை அது வந்த ஆன்டிஸ்டேட்டிக் கவரிலேயே போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து ஒட்டி, மேல் அலமாரியில் வையுங்கள். மழைக்காலம், தரையில் வேண்டாம். சாக்கெட்டின் மேல் இருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைப் பிராசசர் மாட்டிய பிறகும் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் வாரண்டிக்குக் கொடுக்கும்போது அந்த மூடி இல்லாத போர்டை வாங்க மறுப்பார்கள்.